இரண்டாவது புரோசஸரா, இரண்டாவது கொம்பியூட்டரா?



போன எபிசோட்டின்ர கடைசியில ஒரு கேள்விக்கு நான் அவசரமாப் பதில் சொல்லி முடிச்சது ஞாபகம் இருக்கும். "இரண்டு சொக்கெட் உள்ள பழைய வேர்க்ஸ்டேஷன் ஒண்டு இருக்கு. அதை அப்கிரேட் பண்ணுறது மலிவா, வேற ஒண்டு வாங்கிறது மலிவா?" எண்டு கேட்டிருந்தவை. நான் யோசிக்காமல் "அப்கிரேட்தான், அதில என்ன கேள்வி" எண்டுட்டன். பிறகு கோட் வெர்ட்யூ மெட்ரோவில இறங்கி வீட்டுக்கு நடக்கேக்க எனக்கே மனம் கேக்கேல்ல. அந்தப் பதில் பாதிதான் சரி. மற்றப் பாதியை நம்பினவைக்குக் கனக்கக் காசு போயிருக்கும். ஆகவே இந்தக் கிழமை அதை ஆறுதலாக எழுதுறன்.

முதலில இந்தக் கதை தொடங்கின இடம். தை மாதம் ஒரு நாள், எனக்குத் தெரிஞ்ச அங்கிள் ஒருத்தர் ஃபோன் எடுத்தார். இங்க சென்ட் லோரன்ட்டிலதான் ஒரு தொழிற்சாலையில இரவு வேலை. மகன் கொன்கோர்டியாவில விமானப் பொறியியல் மூன்றாம் வருஷம். "தம்பி, இவன் 2,800 டொலருக்கு ஒரு கொம்பியூட்டர் வேணும் எண்டு நிக்கிறான். வீட்டில ஒண்டு இருக்குது. அது ஏன் காணாது எண்டு கேட்டால் ஏதோ இங்கிலீஷில சொல்லுறான், எனக்கு விளங்கேல்ல. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. உண்மையாத் தேவை எண்டால் நான் எப்பிடியும் வாங்கிக் குடுப்பன்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னை அங்க கொண்டுபோனது. 2,800 எண்டது வரிக்கு முதல். கியூபெக்கில இரண்டு வரியும் சேர்த்து 14.975 வீதம். அப்ப 3,219 டொலர். இரவு வேலை செய்யிற ஒருத்தருக்கு அது சும்மா காசில்லை.

பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பார்த்தன். ஏதோ அலுவலகத்தில இருந்து கழிச்சுவிட்ட, இரண்டு சொக்கெட் வேர்க்ஸ்டேஷன். ஒரு சொக்கெட்டில மட்டும் புரோசஸர்: இன்டெல் சியோன் ஈ5-2620 வி3, 2014இல வந்த ஆறு கோர் சில்லு. மற்ற சொக்கெட் வெறுமை, மேல ஒரு பிளாஸ்டிக் மூடி. மெமரி 32 ஜிபி, நாலு 8 ஜிபி குச்சியாக. முன்னூறு டொலருக்கு வாங்கினதாம்.

அவன் அதில ஓடவிடுறது ஓபன்ஃபோம். காற்று ஒரு இறக்கையைச் சுத்தி எப்படி ஓடும் எண்டு கணிக்கிற இலவச மென்பொருள். ஒரு தடவை ஓடி முடிய 11 மணித்தியாலம். இறக்கையின்ர கோணத்தை ஒரு பாகை மாத்தினால் திரும்ப 11 மணித்தியாலம். "அண்ணா, செமஸ்டருக்குள்ள இருபது தடவையாவது ஓட வேணும், நான் என்ன செய்யிறது?" எண்டு கேட்டான். அவன் சும்மா புதுசுக்கு ஆசைப்படேல்ல. அப்பா சொன்னதும் பிழையில்லை, மகன் சொன்னதும் பிழையில்லை. கணக்குத்தான் ஒருத்தரும் பார்க்கேல்ல.

இந்தக் கணக்கை எப்படிப் பார்க்கிறது எண்டு 1995 பெப்ரவரியிலேயே இரண்டு பேர் எழுதிவைச்சிட்டினம். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வுட், மார்க் ஹில். ஐஈஈஈ கொம்பியூட்டர் சஞ்சிகையில வந்த கட்டுரை. அப்ப எல்லாரும் நினைச்சது இது: இரண்டு புரோசஸர் போட்டால் வேகம் இரண்டு மடங்கு ஆக வேணும், ஆகாவிட்டால் காசு வீண். அவை சொன்னது வேற. ஒரு கொம்பியூட்டரின்ர விலையில புரோசஸர் ஒரு பங்குதான். பெட்டி, மின்வழங்கி, டிஸ்க், எல்லாத்துக்கும் மேல மெமரி, இதுகளுக்கும் காசு போகுது. இரண்டாவது புரோசஸர் போடுறதால மொத்தச் செலவு இரண்டு மடங்கு ஆகிறதில்லை, 1.2 மடங்கோ 1.3 மடங்கோதான் ஆகும். அப்ப வேகம் 1.5 மடங்கு கூடினாலே லாபம். வேகம் எத்தனை மடங்கு, செலவு எத்தனை மடங்கு, எது பெரிசு? அவ்வளவுதான் கேள்வி.

முப்பது வருஷத்துக்குப் பிறகும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. கடைகளில நாங்கள் ஒருத்தரும் இப்படிக் கேக்கிறதில்லை எண்டது வேற விஷயம். "எத்தனை கோர்?" எண்டு கேட்டுட்டுக் கார்ட்டை நீட்டுறம்.

சரி, பேஸ்மென்ட்டுக்கு வருவம்.

முதலில புதுசின்ர கணக்கு. அவன் தெரிஞ்செடுத்த லிஸ்ட்டில மெமரி மட்டுமே ஆயிரம் டொலருக்கு மேல. போன வருஷக் கடைசியில இருந்து மெமரி விலை ஏறின ஏற்றம் உங்களுக்கும் தெரியும். ஏஐ சேர்வர்களுக்குத் தேவையான மெமரியில லாபம் கூட எண்டதால தயாரிக்கிற கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிட்டுது. 2025 டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன், எங்களைப் போல சாதாரண ஆக்களுக்கு விக்கிற தன்ர குரூஷியல் பிராண்டையே மூடப்போறதா அறிவிச்சுது. ஆகவே இண்டைக்குப் புது மெஷின் வாங்கிற ஆள், உண்மையில மெமரி வாங்கிறார், மிச்சத்தைச் சேர்த்து எடுக்கிறார் எண்டுதான் சொல்ல வேணும்.

பழைய புரோசஸர்களின்ர கதை நேர்மாறு. 2016இல வந்த சியோன் ஈ5-2680 வி4 சில்லில 14 கோர் இருக்கு. வந்த நேரம் இன்டெல்லின்ர பட்டியல் விலை 1,745 அமெரிக்க டொலர். டேட்டா சென்டர்கள் அதுகளைக் கூடை கூடையாகக் கழட்டி விக்கிறதால, நாங்கள் இரண்டு சில்லை 70 கனேடிய டொலருக்கு எடுத்தம். இரண்டு எடுத்தது ஏன் எண்டால், ஒரு போர்ட்டில இரண்டு சொக்கெட்டிலயும் ஒரே மொடல்தான் இருக்க வேணும். பழைய ஆறு கோரோட புது 14 கோரைச் சோடி சேர்க்கேலாது.

இன்னொரு விஷயம். இந்த மாதிரி மெஷின்களில ஒவ்வொரு புரோசஸருக்கும் தன்ர சொந்த மெமரி இருக்கு. நாலு சனல் இதுக்கு, நாலு சனல் அதுக்கு. இரண்டாவது புரோசஸரைப் போட்டுட்டு அதின்ர பக்கத்தில மெமரி போடாமல் விட்டால், அது ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சீனி கடன் வாங்கிற மாதிரி மற்றப் புரோசஸரிட்டப் போய்க் கேக்க வேணும். ஓடும், ஆனால் இழுத்துக்கொண்டு ஓடும். ஆகவே "புரோசஸர் அப்கிரேட்" எண்டால் மெமரியும் சேர்த்துத்தான்.

இங்கதான் நான் மாட்டுப்பட்டன். நாலு குச்சி மலிவாக் கிடைச்சுது எண்டு 90 டொலருக்கு வாங்கிக்கொண்டு வந்தன். போட்டால் மெஷின் எழும்பவே இல்லை. பீப், பீப், பீப். பிறகு லேபிளை ஒழுங்கா வாசிச்சால், அது வேற இனம். ஏற்கனவே இருந்தது ரெஜிஸ்டர்ட் மெமரி, நான் வாங்கினது லோட் ரெடியூஸ்ட். இரண்டையும் ஒரு மெஷினில கலக்கேலாது. பத்து வருஷமா இந்தத் தொழில் செய்யிற எனக்குத் தெரியாத விஷயமில்லை, அவசரத்தில பார்க்கேல்ல. வித்த ஆள் திருப்பி எடுக்க மாட்டன் எண்டுட்டார். சரியான குச்சிகளுக்கு இன்னொரு 140. ஹீட்சிங்க், ஃபேன், பேஸ்ட் எல்லாம் 70. என்ர பிழைக்கான 90ஐயும் சேர்த்தால் மொத்தம் 370 டொலர். அந்த 90ஐ நான்தான் குடுத்தன். ஆனால் கணக்கில விடுறன், ஏனெண்டால் பழைய சாமான் அப்கிரேட் பண்ணுற எல்லாருக்கும் இப்படி ஒரு "90" எங்கயாவது வரும். வராது எண்டு சொல்லுறவை எங்களிட்டப் பொய் சொல்லுறினம்.

(செய்ய நினைக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு: பழைய புரோசஸர் உள்ளுக்க இருக்கேக்கையே பயோஸை அப்டேட் பண்ணிப்போடுங்கோ. வி3க்கு வந்த போர்ட், பழைய பயோஸோட வி4ஐ அடையாளம் காணாது. மாத்தினாப் பிறகு ஞாபகம் வந்தால் எல்லாத்தையும் திரும்பக் கழட்ட வேணும்.)

இப்ப அளவுகோலை எடுப்பம். மெஷின் 300 டொலர். அப்கிரேட் 370. மொத்தம் 670. செலவு 2.2 மடங்கு. ஓட்டம் 11 மணித்தியாலத்தில இருந்து நாலரை மணித்தியாலத்துக்கு வந்தது. வேகம் 2.4 மடங்கு. பார்த்தீங்களோ, மயிரிழையில வெண்டிருக்கிறம். கோர் எண்ணிக்கை ஆறில இருந்து இருபத்தெட்டு, அதாவது கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. ஆனால் வேகம் அஞ்சு மடங்கு ஆகேல்ல. ஏனெண்டால் இந்த மாதிரிக் கணிப்புக்கு முக்கியம் கோர் இல்லை, மெமரியில இருந்து தரவு வாற வேகம். பழைய சில்லின்ர உச்சம் செக்கனுக்கு 60 ஜிபி அளவு. இப்ப இரண்டு புரோசஸரும் எட்டுச் சனலுமாகச் சேர்ந்தால் 2400 வேக மெமரியில 150 ஜிபிக்குக் கொஞ்சம் மேல. வேகம் கூடினது அந்த விகிதத்துக்குக் கிட்டத்தான்.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. அவன் வாங்க இருந்த புது மெஷினில மெமரிச் சனல் இரண்டுதான். டிடிஆர்5 6000 போட்டாலும் உச்சம் 96 ஜிபி. பத்து வருஷப் பழைய பெட்டி இந்த ஒரு விஷயத்தில அதை முந்துது. இது தாளில உள்ள கணக்கு. புது சில்லின்ர கஷே பெரிசு, கோர்கள் கெட்டித்தனம் கூட, ஆகவே புதுசு தோத்துப்போகும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனால் 3,219 டொலருக்கு அது எத்தனை மடங்கு வேகம் காட்ட வேணும் எண்டு பாருங்கோ. பத்து மடங்குக்கு மேல. காட்டாது.

அப்ப போன எபிசோட்டில நான் சொன்னது சரிதானே? இல்லை. இந்தப் பெடியனுக்கு மட்டும்தான் சரி.

மற்றப் பக்கத்தைச் சொல்லுறன். போன வருஷம் ஒரு சின்ன அலுவலகத்துக்கு கொன்ட்ராக்ட் போனன். சேர்வர் ஒண்டு, எட்டுக் கோர் புரோசஸர், பக்கத்தில வெறும் சொக்கெட். மாசக் கடைசியில கணக்கு ரிப்போர்ட் எடுக்க அரை நாள் போகுது. "இன்னொரு புரோசஸர் வாங்கிப் போடுங்கோ, எல்லாம் சேர்த்து நானூறு டொலருக்குள்ள முடியும்" எண்டு ஆரோ அவைக்குச் சொல்லிட்டினம். உண்மைதான், சாமான் நானூறுக்குள்ள முடியும்.

ஆனால் அதில ஓடுறது எஸ்கியூஎல் சேர்வர், கோர் கணக்கில லைசென்ஸ். ஸ்டாண்டர்ட் பதிப்பில இரண்டு கோருக்கான பக் ஒண்டே பட்டியல் விலையில கிட்டத்தட்ட 4,000 அமெரிக்க டொலர். எட்டுக் கோர் கூட்டினால் நாலு பக். நானூறு டொலர் சில்லுக்குப் பதினாறாயிரம் டொலர் லைசென்ஸ். மாடு மலிவு எண்டு வாங்கிப்போட்டுக் கயிறுக்குக் காணியை விக்கிற கதை.

சரி, அந்தப் பதினாறாயிரத்தையும் கட்டினால் ரிப்போர்ட் அரைவாசி நேரத்தில வருமோ? ஜீன் அம்டால் 1967இல சொன்னது இதுதான்: ஒரு வேலையில பிரிக்கேலாத பகுதி எவ்வளவோ, அதுதான் கடைசியில உங்களைப் பிடிச்சு நிப்பாட்டும். அந்த ரிப்போர்ட்டில 80 வீதத்தைப் பிரிச்சுச் செய்யலாம் எண்டு தாராளமாக வைச்சாலும், எட்டுக் கோரில கிடைக்கிற வேகம் 3.33 மடங்கு, பதினாறு கோரில 4 மடங்கு. அதாவது கோரை இரட்டிப்பாக்கினதால கிடைச்சது 20 வீதம். 99 வீதம் பிரிக்கக்கூடிய வேலை எண்டால் அதே இரட்டிப்பு 86 வீதம் தரும். ஒரே சில்லு, ஒரே விலை, வேலைதான் வேற.

நான் அங்க உட்கார்ந்து பார்த்தன். ரிப்போர்ட் ஓடேக்க எட்டுக் கோரில ஒண்டு மட்டும் நூறு வீதத்தில நிண்டு வேர்க்குது, மற்ற ஏழும் தேத்தண்ணி குடிக்குதுகள். இவைக்கு இரண்டாவது புரோசஸர் போட்டால் தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள் பதினைஞ்சாகும், அவ்வளவுதான். கோர் குறைஞ்ச, ஆனால் ஒவ்வொரு கோரும் வேகமான புது ஒற்றைச் சொக்கெட் சேர்வர் வாங்குங்கோ எண்டு எழுதிக் குடுத்தன். லைசென்ஸும் குறைஞ்சது. அப்கிரேட்டைவிட இன்னொண்டு வாங்கிறது மலிவு எண்டதுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னட்ட இல்லை.

ஆகவே என்ர அபிப்பிராயம் இதுதான். சில்லின்ர விலையைப் பார்த்து முடிவெடுக்காதேங்கோ. இண்டைக்குப் பழைய சில்லு எண்டது கிட்டத்தட்ட இலவசம். அதைச் சுத்தி உள்ளதுகள்தான் விலை: மெமரி, லைசென்ஸ், உங்கட நேரம். வேலை ஓடேக்க எச்டாப்பைத் திறந்து பத்து நிமிஷம் பாருங்கோ. எல்லாக் கோரும் நிரம்பி நிக்குதா? அப்ப இரண்டாவது சொக்கெட்டை நிரப்பிறதில அர்த்தம் இருக்கு. ஒண்டு மட்டும் நிரம்பியிருக்கா? பழைய பெட்டியில ஒரு சதமும் போடாதேங்கோ.

இன்னொரு வழியும் இருக்கு, அதைப் பற்றி ஆக்கள் குறைவாகத்தான் கதைக்கினம். பழையதையும் தொடாமல், புதுசும் வாங்காமல், அதே மாதிரிப் பழைய பெட்டி இன்னொண்டை வாங்கிப் பக்கத்தில வைக்கிறது. 1994இல நாசாவின்ர கொடார்ட் மையத்தில தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் எண்ட இரண்டு பேர் 16 சாதாரண 486 புரோசஸர்களை ஈதர்நெட்டால கட்டிச் செய்த பேவுல்ஃப் இந்த யோசனைதான். எங்கட பக்கத்தில, சென்னை தரமணியில இருக்கிற கணித அறிவியல் நிறுவனமும் இதைச் செய்தது. பெரிய சுப்பர் கொம்பியூட்டர் ஒண்டை வாங்காமல், இரண்டு சியோன் புரோசஸர் உள்ள சின்ன மெஷின்கள் 144ஐ வேகமான வலையால இணைச்சு "கப்ரு" எண்டு இமயமலைச் சிகரம் ஒண்டின்ர பேரை வைச்சினம். 2004 ஜூனில அது உலகத்தின்ர டொப் 500 பட்டியலில இருந்தது. பெட்டிக்குள்ள எத்தனை சொக்கெட் எண்டதில ஒரு எல்லை இருக்கு. பெட்டிகளை அடுக்கிறதில அவ்வளவு சீக்கிரம் எல்லை வராது. ஆனால் இரண்டு பெட்டி எண்டால் மெமரி பங்குபோடேலாது, எல்லாம் கேபிளால போய்வர வேணும். தனித்தனியான இருபது ஓட்டம் ஓடுற எங்கட பெடியனுக்கு அதுவும் பொருந்தியிருக்கும். பேஸ்மென்ட்டில இடம் இல்லை எண்டு அம்மா சொன்னதால அந்த யோசனை அதோட முடிஞ்சுது.

விண்டோஸ் பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோட முடிஞ்சுது. இந்த ஈ5 வி3, வி4 சில்லுகள் விண்டோஸ் 11இன்ர பட்டியலில இல்லை. அதோட விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு சொக்கெட்டுக்கு மேல பாவிக்காது. இரண்டாவது புரோசஸரைப் போட்டுட்டு "ஏன் தெரியேல்ல?" எண்டு என்னட்டக் கேட்ட ஆக்கள் இரண்டு பேர் இருக்கினம். லினக்ஸ் ஓடுற வேலை இல்லாவிட்டால் இந்தப் பழைய பெட்டிகளில காசு போட நான் சொல்ல மாட்டன். புதுசு வாங்கிற ஆக்கள், கியூபெக்கின்ர 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி உதிரிப்பாகம், திருத்த வசதி கிடைக்கிறதுக்கான உத்தரவாதம் 2025 ஒக்டோபர் 5இல இருந்து நடைமுறையில இருக்கு. ஆனால் "நாங்கள் அந்த உத்தரவாதம் தரேல்ல" எண்டு முன்கூட்டியே அறிவிச்சுத் தப்பவும் கம்பெனிகளுக்கு இடம் விட்டிருக்கினம். அந்தச் சின்ன எழுத்தை வாசிச்சுப்போட்டு வாங்குங்கோ.

கரன்ட் பில் பற்றி அங்கிள்தான் கேட்டார். நியாயமான கேள்வி. சுவரில மீற்றர் செருகிப் பார்த்தன். முந்தி ஓடேக்க 150 வாட், இப்ப 370 வாட். ஆனால் 11 மணித்தியாலத்துக்குப் பதிலா நாலரை. பெருக்கிப் பாருங்கோ, ஒரு ஓட்டத்துக்கு இரண்டும் ஏறத்தாழ 1.65 யூனிட்தான். ஹைட்ரோ கியூபெக் வீட்டுக் கட்டணத்தில நாளுக்கு முதல் 40 யூனிட்டுக்கு 7 சதம் அளவு, அதுக்கு மேல 10 சதத்துக்குக் கொஞ்சம் கூட. எப்படிப் பார்த்தாலும் ஒரு ஓட்டத்துக்கு 20 சதம் வராது. அவற்ற வீட்டில சூடாக்கிறதும் மின்சார ஹீட்டர்தான். ஆகவே மாரியில அந்த 370 வாட்டும் வீணில்லை. கொம்பியூட்டர் தாற சூட்டை ஹீட்டர் தரத் தேவையில்லை. (வாடகையோட ஹீட்டிங் சேர்ந்த அப்பார்ட்மென்ட்டில இருக்கிற ஆக்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது. லாபம் வீட்டுக்காரருக்கு, பில் உங்களுக்கு.)

என்ர சொந்தக் கதை ஒண்டையும் சொல்லவேணும். 2024 ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுற அண்டைக்கு, நானும் மாறினன். அலுமாரிக்குள்ள கிடந்த 128 ஜிபி டிடிஆர்4 சேர்வர் மெமரியை "ஆர் இனி இதைப் பாவிக்கிறது" எண்டு 60 டொலருக்கு ஒருத்தருக்குக் குடுத்திட்டன். இண்டைக்கு அதே மெமரியின்ர விலையை நான் தேடிப் பார்க்கிறதில்லை. பார்த்தால் நித்திரை வராது. உங்கட வீட்டில பழைய வேர்க்ஸ்டேஷன் இருந்தால், அதை எக்கோசென்டருக்குக் கொண்டுபோக முதல் மூடியைத் திறந்து என்ன குச்சி இருக்கு எண்டு பாருங்கோ.

போன சனிக்கிழமை அங்கிள் வீட்டுப் பக்கம் போனன். பெடியன் எட்டாவது கோணத்தில நிக்கிறான். வெளியில மைனஸ் 19. அங்கிள் இரவு வேலை முடிஞ்சு வந்து, பேஸ்மென்ட்டில அந்தப் பெட்டிக்குப் பின்னால கதிரையைப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். "நல்ல சூடு தம்பி" எண்டார். ஜூலையில அந்தப் பெட்டி என்ன செய்யும் எண்டு நான் அவருக்கு இன்னும் சொல்லேல்ல.